கண்ணாடி பார்த்த பக்கம்

அத்தியாயம் 11

போன வாரம் சின்னவளை மழையில் நிறுத்திவிட்டு, அவளுக்காகத் திறந்த கார் கதவையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். "ஒரு பொண்ணை இப்படியா நனைய விடுவீங்க?" என்று வாசகிகள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் அவள் நனைந்திருந்தால் ஒரு ஜுரத்தோடு போயிருக்கும். ஏறிவிட்டாள்.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ் டிரைவர் ஒருவரின் இரண்டாவது மகள் அவள். வீட்டில் பாப்பா. உணவுப் பரிசோதனை படிக்க வெளிநாடு போய் இரண்டு மாதம் ஆகிறது. அறையிலிருந்து கல்லூரிக்கு ஏழு கிலோமீட்டர். வாசலிலேயே பஸ் நிற்கிறது. ஆனாலும் பஸ்ஸில் போகக் கூடாது என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். தெரியாத ஊர், தெரியாத மனுஷங்க.

தெரிந்த மனுஷன் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் வேலை. குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'கார் மாமா'. அறை பார்த்துக் கொடுத்தது அவர். காலையில் கல்லூரியில் விட்டு மதியம் கூட்டிவருவது அவர். அறைக்கு இன்னொரு சாவி அவரிடம் இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும் என்று அப்பாவே போனில் சொல்லியிருந்தார். இந்தச் சாவி விஷயம் பாப்பாவுக்கு மட்டும் தெரியாது.

இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் வீட்டுப் பெண்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவர், தன் பெண்ணுக்கு மட்டும் பஸ் ஆகாது என்று முடிவு செய்தார். இதை எங்கே போய்ச் சொல்வது.

சரி, காருக்குள் வாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

ஏசியில் செருகியிருந்த சென்ட் அட்டையிலிருந்து திகட்டத் திகட்ட ஒரு வாசனை. அதற்கு அடியில் பழைய வியர்வை. கார் மாமா ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் தொண்டையைக் காறி, டிஷ்யூ தாளில் துப்பி, அதை உருட்டிக் கதவுப் பையில் திணிப்பார். அது பாப்பா பக்கத்துக் கதவு. பாப்பாவுக்குப் படிப்பே கெட்டுப்போன சாப்பாட்டை ஆராய்வதுதான். பூஞ்சை பூத்த தட்டுகளைக் காலையிலிருந்து மதியம் வரை குனிந்து பார்ப்பாள், ஒன்றும் செய்யாது. இந்தக் காரில் ஏறினால் ஐந்தாவது நிமிஷம் வயிற்றைப் புரட்டும்.

"பெல்ட்டு சரியா விழலை பாரு" என்றபடி குறுக்கே சாய்ந்தார்.

"போட்டுட்டேன் மாமா. சத்தம் கேட்டுச்சே."

"எங்க போட்ட? இரு."

போட்ட பெல்ட்டைக் கழற்றி மறுபடி போட்டார். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதை எழுத எனக்கே கூசுகிறது.

முதல் வாரமே அவள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். "நான் என்ன உனக்கு டிரைவரா? ஓ, உங்கப்பா டிரைவர்ல, அந்தப் பழக்கம்" என்று சிரித்து முன்னால் வரவைத்துவிட்டார்.

கார் கிளம்பினால் அவர் கை கியரின் மேலேயே கிடக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் அது அசையும், அசையும்போதெல்லாம் புறங்கை அவள் முழங்காலில் உரசும். முதல் வாரம் "சாரிம்மா" என்றார். இரண்டாவது வாரம் "கியர் போடணும்ல, இடம் பத்தலை" என்றார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பாப்பாவுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. கியர் என்றால் இப்படித்தான் போடவேண்டும்போல என்று நினைத்து, கதவோரம் ஒண்டி, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் சொல்லவேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா சொன்னாள், காலேஜுக்குப் போகிற வழியில் ஒருத்தன் பின்னாலேயே வருகிறான் என்று. அடுத்த வாரம் அக்காவின் காலேஜையே நிறுத்திவிட்டார்கள். அவன் அதே தெருவில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறான். பாப்பா வாயைத் திறந்தால் இரண்டே நாளில் விமான டிக்கெட் வந்துவிடும். படிப்புக்கு அன்றோடு முழுக்கு.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரி வாசல் வந்தது. தினம் இங்கே ஒரு சடங்கு நடக்கும். அவளை இறக்கிவிட்டு, வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, 'நம்ம குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். கீழே 'பத்திரமாக இறக்கியாச்சு' என்று எழுதுவார். அம்மா உடனே இரண்டு கும்பிடு போடுவாள். இன்று மழை.

"இறங்காத, நனைஞ்சிடுவ. உள்ளயே எடுத்துடறேன். கொஞ்சம் சிரி, உங்கம்மா பார்க்கணும்ல."

அவள் சிரிக்கவில்லை. அவர் எடுத்துவிட்டார்.

*

அங்கே காலை எட்டு என்றால் இங்கே பகல் ஒன்றரை. டிப்போவின் ஓய்வறையில் டிரைவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். இந்த போட்டோ வந்தபிறகுதான் முதல் வாய் சோறு இறங்கும். இரண்டு மாதமாக அப்படித்தான்.

இன்று இறங்கவில்லை.

"என்னண்ணே, சாப்பிடாம போனை முறைக்கிறீங்க?" என்று அவருடைய கண்டக்டர் எட்டிப் பார்த்தார். டிப்போவில் இந்தக் கண்டக்டருக்கு விசில் என்று பெயர்.

டிரைவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். பாப்பாவின் முகம். அதற்கு மேலே, ஓரத்தில், காருக்குள் இருக்கிற கண்ணாடி. ஓட்டுகிறவன் இடத்திலிருந்து எடுத்த படம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் பின்பக்க ரோடு தெரியவேண்டும். தெரிந்தது, ஒரு மடி. மடியில் ஒரு பை. பையை இறுகப் பிடித்திருந்த பாப்பாவின் இரண்டு கைகள்.

"கண்ணாடி ஏன்ணே அந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்றார் விசில். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தண்ணீர் பிடிக்கப்போவது மாதிரி எழுந்து போய்விட்டார்.

டிப்போவில் இதற்குப் பெயர் உண்டு. முன்பு ஒரு டிரைவர் இருந்தார். வண்டியில் ஏறினதும் கண்ணாடியைப் பெண்கள் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவரை எல்லோரும் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டார்கள். "என்ன கண்ணாடி, இன்னைக்கு என்ன படம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். யாரும் அவர்மேல் ஒரு புகார் எழுதிப் போடவில்லை. சிரித்தவர்களில் நம் டிரைவரும் ஒருவர்.

இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. சீ என்றிருந்தது அவருக்கு, அந்தக் கார்க்காரன்மேல் பாதி, தன்மேல் பாதி.

பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். முதல் நாள் பாப்பா காரின்மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துக் காரிலிருந்து இரண்டடி தள்ளி. மூன்றாவது வாரம் கேட்டுக்குப் பக்கத்தில். போன வாரம் முழுக்க முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் 'பத்திரமாக இறக்கியாச்சு'. ஒவ்வொன்றுக்கும் இவர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மதிய டிரிப்பு இரண்டும் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.

*

அதே நேரம் அங்கே பாப்பா வகுப்பின் இடைவேளையில் கீழ்த்தளத்தில் இருந்த பாதுகாப்பு அறையைத் தேடிப் போனாள். நீலச் சட்டைக்காரப் பெண்மணி ஒருவர், யாரோ தொலைத்த குடையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ் விவரம் வேண்டும் என்றாள் பாப்பா.

"முதல் வாரமே எல்லாருக்கும் சொன்னோமே. நீ வரலையா?" அவர் பேசிய மொழி வேறு, விஷயம் இதுதான்.

பாப்பா வரவில்லை. அன்று கார் மாமா "அந்த வகுப்பெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்று ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போய்விட்டார். உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண், நீல விளக்கு எரியும் கம்பங்களில் இருக்கிற போன், இருட்டினால் கூடவே நடந்துவர இரண்டு மாணவர்கள், எந்த பஸ் எங்கே போகும், எல்லாம் அன்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் அன்று ஒரு கடைத்தெருவில் நின்று அவர் வாங்கித்தந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெண்மணி ஒரு பஸ் அட்டையை நீட்டினார், பின்பக்கத்தில் பஸ் போகும் வழி அச்சடித்திருந்தது. "இதுவரைக்கும் எப்படி வந்துகிட்டிருந்தே?"

"சொந்தக்காரர் ஒருத்தர் கார்ல கூட்டிட்டு வருவார்."

"அவர்கூட வர உனக்கு இஷ்டமா?"

இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை. குடை எழுதிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்மணி கேட்கிறார்.

"இல்லை" என்றாள் பாப்பா. சொன்னதும் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண்மணி குடைப் பதிவேட்டை மூடி வைத்தார். துருவித் துருவிக் கேட்கவில்லை. புகார் எழுதுவதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கலாம், இந்த அறை எந்நேரமும் திறந்திருக்கும் என்றார். "முன் கேட்டுல அவர் நிப்பாரா? அப்ப பின் கேட்டு வழியா போ. பஸ் ரெண்டு பத்துக்கு."

*

டிரைவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஏழேகால். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அவர் மனைவி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

போனை நீட்டினார். "இதைப் பாரு."

"மத்தியானமே பார்த்தேன். மெலிஞ்சு போயிட்டா."

"அவளைப் பார்க்காத. கண்ணாடியைப் பாரு."

கண்ணாடியில் என்ன தெரியவேண்டும், என்ன தெரிகிறது என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றார். 'என் தம்பியையா சொல்றீங்க' என்று வீடே இரண்டாகும் என்று நினைத்தார்.

அவளும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னும் விடலையா அவன்?"

டிரைவருக்குக் காது அடைத்தது. "இன்னும்னா?"

"சின்ன வயசுல. எங்க சித்தப்பா பொண்ணு ஒருத்தி அழுதுகிட்டே வந்து சொன்னா. பெரியவங்க கூடிப் பேசி, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு மூடிட்டாங்க. கல்யாணம் ஆனா சரியாயிடும்னாங்க. வெளிநாடு போய்த் திருந்திட்டான்னாங்க. நானும் நம்பிட்டேன்."

"தெரிஞ்சே அனுப்பியிருக்க."

"நீங்க கேட்டீங்களா? நம்ம ஆளு இருக்கான், அது போதும்னுதானே சொன்னீங்க."

டிரைவர் எதிரே உட்கார்ந்தார். வீட்டுக்குள் செத்த எலியை வைத்துக்கொண்டு, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரு முழுக்கத் தேடிய கதைதான்.

"போன மாசம் பாப்பா கேட்டா" என்றாள் அம்மா. "பஸ்ல போறேம்மான்னு. மாமா மனசு நோகும், வாயை மூடுன்னு சொன்னேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "வேணாங்க. படிச்சது போதும். அவளை வரச் சொல்லிடலாம்" என்றாள்.

"பெரியவளையும் இப்படித்தான் நிறுத்தினோம்."

"அவ பத்திரமா இருக்கால்ல?"

"பத்திரமா இருக்கா. இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. பின்னாடியே வந்தவனை யார் நிறுத்தினா? நானா? நீயா?"

டிரைவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார். அங்கே அப்போது மதியம் இரண்டு மணி தாண்டியிருந்தது.

"அப்பா?"

"எங்க இருக்க பாப்பா?"

"காலேஜ்லதான்." பின்னால் பலமாக ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. அவருக்குத் தெரியாத ஹாரனா?

"பஸ் ஸ்டாப்ல நிக்கற."

அவள் கடகடவென்று, "அப்பா, திட்டாதீங்க. எல்லாம் விசாரிச்சுட்டேன், அட்டை வாங்கியிருக்கேன், எட்டாவது ஸ்டாப், நேரா ரூம் வாசல்லயே நிக்கும்."

"திட்டலை. உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அந்த வண்டியில உனக்கு என்ன கஷ்டம்?"

"ஒண்ணும் இல்லப்பா."

"பாப்பா."

"கியர் போடும்போது கை படும். இடம் பத்தலைன்னு சொல்வார். அப்புறம் பெல்ட்டு." குரல் உடைந்தது. "எனக்குக் குமட்டுதுப்பா. தினமும் போய்க் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறேன்."

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். போன வருஷம் அந்தக் காரை வாங்கியபோது அவன் வீடியோவில் காட்டிப் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. 'கியரே மாத்த வேணாம் அத்தான், அதுவா பார்த்துக்கும். உங்களை மாதிரி நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை.' அன்று இவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"பாப்பா" என்றார். "அந்த வண்டி கியர் போடற வண்டியே இல்லை."

இரண்டு மாதம், ஒவ்வொரு சிக்னல், ஒவ்வொரு உரசல், எல்லாம் அவளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வேறு அர்த்தத்தில் திரும்பி வந்திருக்கவேண்டும். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என்னைத் திரும்பி வரச் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்."

"அக்காவுக்குச் செஞ்ச மாதிரி செஞ்சுடாதீங்க."

"செய்யமாட்டேன். பஸ் வந்துடுச்சா?"

"வருது. ஓட்டறது ஒரு அம்மா."

"ஏறு. போனை வைக்காத."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அட்டையைத் தேய்த்ததும் இயந்திரம் ஒரு தடவை கத்தியது. அவள் உட்கார்ந்ததை மூச்சில் தெரிந்துகொண்டார்.

"கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்குது?" என்றார் டிரைவர்.

"எது, அந்தப் பெரிய கண்ணாடியா? பின்னாடி ரோட்டைப் பார்க்குதுப்பா."

அவர் மெல்ல உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து அப்போதுதான் அவருக்குப் பசி தெரிந்தது. அம்மா தட்டை எடுக்க எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் டிங் என்றது. டிரைவரின் போனும் டிங் என்றது. அங்கே பஸ்ஸிலும் டிங் என்றது. 'நம்ம குடும்பம்' குரூப்.

அம்மா படித்தாள். 'அக்கா, பாப்பாவை கேட்டுல காணோம். போனும் எடுக்கலை. நீங்க கவலைப்படாதீங்க. நான் ரூமுக்குப் போய் உள்ள உட்கார்ந்திருக்கேன். சாவி இருக்கு.'

பஸ் ஓடுகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது.

பாப்பாதான் முதலில் பேசினாள். "நான் இறங்கலைப்பா. இந்த பஸ் சுத்திக்கிட்டுத் திரும்ப காலேஜுக்கே போகும்னு அட்டையில போட்டிருக்கு. உட்கார்ந்தே போய் அந்த நீலச் சட்டை அம்மாகிட்ட சொல்லிடறேன்." குரல் நடுங்கினாலும் வார்த்தை தெளிவாக இருந்தது. "ஆனா அப்பா, என் ரூம் சாவி அவர்கிட்ட எப்படிப்பா வந்துச்சு?"

அம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

டீ குடிக்க இறங்கினால்கூட வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குகிற மனிதர் அவர். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் அதை இன்னொருத்தர் கையில் கொடுத்ததில்லை.

"நான்தான் பாப்பா" என்றார். "நான்தான் அவன்கிட்ட இருக்கட்டும்னு சொன்னேன்."